முதுகு மாறிய காய்கள்

என் வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்க வராது. ஆள் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டு உள்ளே அழுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்றபடி தேன் ஒழுகப் பேசத் தெரியும். தன் மேல் தப்பு என்று வந்துவிட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். கல்யாணமான புதிதில் நான் ஆசையாக வாங்கிய மேசை விளக்கை உடைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டிலிருந்த எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டார். எண்ணெய்க் குப்பியைத் தூக்கினால் மனுஷன் எதற்கோ வருந்துகிறார் என்று அர்த்தம். இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது.

இந்த மழைக்காலம் முழுக்க அந்தக் குப்பி அவர் கையை விட்டு இறங்கவில்லை. எங்கள் அலமாரி இப்போது முறைத்துப் பார்த்தாலே திறந்துகொள்கிறது. எல்லாம் ஒரு டிராகனால் வந்தது.

நான் நடத்துவது பிரிண்ட் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு லீவு விட்டுவிட்டு, பின்னறையில் பேப்பர் வெட்டுகிற மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து விளையாடுவது வழக்கம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் புகுந்துவிடுகிற விளையாட்டு. கதவைத் திறக்கலாமா, ஓடலாமா, உதைக்கலாமா என்று நாங்கள் சொல்வோம். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார் என்று தெரிவதற்காகக் கட்டம் போட்ட தாளின் மேல் ஆளுக்கொரு காய் இருக்கும்.

கதை சொல்வது என் வீட்டுக்காரர். மாவீரன் வேஷம் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், பல் டாக்டர். அவருடைய கிளினிக்கிலேயே உதவியாளராக வேலை பார்க்கிற என் தங்கச்சி, கதையில் வைத்தியச்சி. நான் திருடி. கடையில் நாள் முழுக்க நேர்மையாக இருக்கிற களைப்புக்கு எனக்கு அது தேவைப்படுகிறது.

காய்களெல்லாம் டாக்டருடையவை. கட்டைவிரல் உயரத்துக்கு உலோகத்தில் வார்த்த சிற்பங்கள். பல் பார்க்கிற விளக்கை இழுத்துவைத்து, மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொன்றுக்கும் அவரே வர்ணம் பூசுவார். அவற்றைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. "திருடி ரெண்டு கட்டம் முன்னாடி" என்று சொல்ல வேண்டும், அவர் நகர்த்துவார். மேசைக்கு ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார்: மேசையில் என்ன தெரிகிறதோ அதுதான் நிஜம். ஒருமுறை என் சட்டைக் கை பட்டு என் திருடி பாதாளக் குழிக்குள் நகர்ந்துவிட்டாள். தெரியாமல் பட்டது என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் சட்டம் அசையவில்லை. செத்துப்போனேன். வேறு திருடியாகப் பிறந்து வர வேண்டியதாயிற்று.

அந்தக் காய்களுக்கெல்லாம் ராஜா டிராகன்தான். அதன் செதில்களை ஒவ்வொன்றாகத் தீட்ட டாக்டருக்கு ஒரு கோடை முழுக்க ஆனது. அது முதன்முதலாக மேசைக்கு வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரரின் முழங்கை பட்டுக் கீழே விழுந்து, இடது இறக்கை ஒடிந்துவிட்டது. டாக்டர் முகம் வெளுத்தது. என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத் தன் வாயைத் திறந்தார்.

"வெறும் பொம்மைதானேடா, வேற வாங்கிக்கலாம்."

டாக்டர் காய்களை ஒவ்வொன்றாக ஸ்பாஞ்ச் பெட்டியில் அடுக்கி, மூடி, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து சானல் சானலாகத் தாண்டுவார், திடீரென்று எழுந்துபோய்க் குப்பியை எடுப்பார். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். நீ சும்மா இரு என்றார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கதை சொல்லும்போது கண் இரண்டும் விரிந்து ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்ப வேண்டும்.

தங்கச்சி கிளினிக்கிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தாள். ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு குழு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறதாம். அங்கே அவருடைய காய்களுக்கென்று கண்ணாடி அலமாரியே வைத்திருக்கிறார்களாம். டாக்டரும் சரி என்று சொல்லப்போகிறார். ஆனால் பாதியில் நிற்கிற நம்முடைய கதையை முடிக்காமல் போவது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார், கடைசிச் சண்டையை முடிப்பார், அதோடு சரி. தன் காய்களைக் கொண்டுவர மாட்டார்.

ஆக எனக்குக் கிடைத்தது ஒரு மதியம். கையில் காய் ஒன்றுகூட இல்லை.

பிரிண்ட் கடைக்காரிக்குக் காய் இல்லையென்றால் வெட்கக்கேடு. அச்செடுத்து வெட்டிக்கொள்ளும்படி வரைந்த காய்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. தங்கச்சி தேடி எடுத்து ஒரே தாளில் அடுக்கினாள். சதுரச் சதுரமாக, தட்டையாக மேசையில் படுத்திருக்கிற காய்கள். முன்பக்கம் ஆள் நல்லபடியாக நிற்கிற படம், பின்பக்கம் அதே ஆள் அடிபட்டுக் கிடக்கிற படம். பாதி உயிர் போனதும் காயைத் திருப்பிப் போட வேண்டியதுதான். எப்போதும் டாக்டர்தான் முதலில் ஆடுவார் என்பதால் முதல் காய் மாவீரன். அடுத்து வைத்தியச்சி, அடுத்து திருடி, அப்புறம் வழியில் வருகிற எதிரிகள் வரிசையாக, தவளை ராஜா, குகைக் கரடி வரை. கடைசிச் சதுரம் டிராகனுக்கு.

அந்த ஒன்றை மட்டும் தானே வரைவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். சாப்பாட்டு மேசையில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் வரைந்தார். முன்பக்கத்து டிராகன் சுமார்தான், கொஞ்சம் நாய் ஜாடை. பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நான் நின்றுவிட்டேன். அடிபட்ட டிராகனின் இடது இறக்கை ஒடிந்திருந்தது, உலோக டிராகனுக்கு எந்த இடத்தில் ஒடிந்ததோ அதே இடத்தில். அதற்கு ஒரு கட்டுப் போட்டு, கட்டுக்கு முடிச்சுகூடப் போட்டிருந்தார். டாக்டர் டிராகனை அடிப்பார், காயைத் திருப்புவார், இதைப் பார்ப்பார். அதுதான் இவருடைய கணக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை, படத்தை வாங்கி ஸ்கேன் செய்தேன்.

இனி நடந்தது முழுக்க என் கைங்கரியம். சனிக்கிழமை ஒரு பெரிய காலண்டர் ஆர்டர். சுவரில் தொங்குகிற காலண்டரில் தாளை மேலே தூக்கித் திருப்புவோம், அதற்கு ஏற்ற மாதிரி பின்பக்கத்தைத் தலைகீழாக அடிக்கும்படி மெஷினை மாற்றி வைத்திருந்தேன். அதைத் திரும்பப் பழையபடி வைக்க மறந்தேன். பின்பக்கம் தலைகீழாகிவிட்டது என்று எவராவது வந்து நின்றால் அவர் காது புளிக்கப் புளிக்கப் பாடம் நடத்துகிறவள் நான். அப்படிப்பட்டவள் கெட்டி அட்டையில் காய்த் தாளை அடித்து, ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்க்காமல், சதுரச் சதுரமாக வெட்டி, முகம் மேலே தெரியும்படி அடுக்கியும் வைத்துவிட்டேன்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பெட்டி இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இவரும் ஆட்டினார். இரண்டு பேரும் நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் டிராகனை நகத்தால் தள்ளிப் பார்த்தார். டிராகனும் மாவீரனும் ஒரே உயரமா என்று என்னிடம் கேட்டார். பேப்பரில் எல்லாரும் சமம் அண்ணா என்றேன். பல் எடுக்கும்போது நோயாளியிடம் காட்டுகிற முகத்தைக் காட்டினார்.

கதை தொடங்கியது. மலைக்கோட்டை வாசல், உள்ளே டிராகன், வெளியே காவலுக்குக் குட்டிப் பூதங்கள். டாக்டரிடம் குட்டிப் பூதச் சிற்பங்கள் கொஞ்சம்தான் இருந்தன என்பதால் இத்தனை காலமும் எங்கள் கதையில் பூதங்கள் சின்னக் கும்பலாகத்தான் வரும். பேப்பரில் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு தாள் முழுக்க அடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். கோட்டை வாசல் முழுக்கப் பூதங்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் மாதிரி, "படை" என்றார்.

டாக்டரே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிழைப்பது எப்படி என்று நாங்கள் கூடிப் பேசினோம், புழுக்கம் தாங்கவில்லை, தங்கச்சி எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள். என் வீட்டுக்காரரின் படை எழும்பிப் பறந்தது. சில பூதங்கள் மெஷினுக்கு அடியில் போயின, சில வாசல்வரை போயின, ஒன்று டாக்டரின் டீயில் விழுந்தது. டாக்டர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.

"மேசையில இல்லன்னா இல்ல."

என் வீட்டுக்காரர் காலியான கோட்டை வாசலைப் பார்த்தார். கதை சொல்கிற குரலில், திடீரென்று ஒரு சூறாவளி வீசியதாகவும், படை மொத்தமும் மலையிலிருந்து உருண்டதாகவும், ஒருவன் மட்டும் கொதிக்கிற ஏரியில் விழுந்ததாகவும் சொன்னார். தங்கச்சி சிரித்தாள். டாக்டரின் உதடு ஒரு பக்கம் அசைந்தது, உடனே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த ஒரு பக்கமே போதுமாக இருந்தது.

அகழிப் பக்கம் வந்ததும் மறைந்திருந்த காவல்காரன் என் திருடியை ஈட்டியால் குத்தினான். பாதி உயிர் போயிற்று. என் காயை நானே திருப்பிப் போட்டேன். அடிபட்ட திருடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தவளை ராஜா கிரீடம் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

எனக்குத்தான் முதலில் புரிந்தது. தொழில்காரி அல்லவா. காலண்டர் ஞாபகம் வந்தது, தலையில் அடித்துக்கொண்டேன். தாள் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. முதல் காயின் முதுகில் கடைசிக் காய், கடைசிக் காயின் முதுகில் முதல் காய். அப்படியென்றால் டிராகனைத் திருப்பினால் அந்த ஒடிந்த இறக்கை வராது. அடிபட்டு மண்ணில் விழுந்து கிடக்கிற மாவீரன்தான் வருவான், டாக்டரின் மாவீரன். தன்னைக் கேலி செய்யத்தான் இப்படி அடித்தோம் என்று நினைத்து அவர் எழுந்து போய்விடுவார். மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் வேறு அடித்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உட்காரும்மா," என்றார் டாக்டர். "சட்டம்னா சட்டம்தான். நீ இப்போ தவளை."

தவளையானேன். உண்மையைச் சொன்னால் திருடியாக இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அகழியை ஒரே தாவலில் தாண்டினேன். அதற்கப்புறம் தங்கச்சியும் அடிபட்டுக் குகைக் கரடியாக மாறி, கரடி வைத்தியம் பார்க்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பார்க்கலாம், ஆனால் நோயாளி சம்மதிக்க மாட்டார் என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். கிளினிக்கில் அப்படி ஒருத்தர் தினமும் வருகிறார் என்று டாக்டர் சொல்ல, இந்த முறை அவரால் உதட்டை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

கடைசி அறையில் டிராகன் படுத்திருந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் காயைப் பார்க்கிறதும் டாக்டரைப் பார்க்கிறதுமாக இருந்தார். பாவம், திருப்பினால் தன் படம் வரும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் வாளை ஓங்கினார், பகடை காலைவாரியது. டிராகன் நெருப்பைக் கக்கியது. தவளையாகிய நான் குறுக்கே பாய்ந்து பார்த்தேன், என் பகடையும் உருப்படவில்லை. நெருப்பு நேராக மாவீரன் மேல் விழுந்தது. பாதி உயிர் போயிற்று.

டாக்டர் தன் காயைத் திருப்பினார்.

கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒடிந்த இடத்தையும், கட்டையும், கட்டின் முடிச்சையும் சொத்தைப் பல்லைப் பார்க்கிற கவனத்தோடு பார்த்தார்.

"இடது இறக்கை," என்றார்.

"இடதுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ வரைஞ்சியா?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தில் இவருடைய காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. தங்கச்சி மெதுவாக, இப்போது மேசையில் இரண்டு டிராகன் இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டப்படி இனிமேல் தான்தான் அடிபட்ட டிராகன் என்று அறிவித்தார். பகடையை உருட்டினார். அன்றைக்கு அதுவரை யாருக்கும் விழாத பெரிய எண் விழுந்தது. அடிபட்ட டிராகன் எழுந்து வந்து மற்ற டிராகனின் கழுத்தைக் கவ்வியது. அதன் பாதி உயிர் போயிற்று, என் வீட்டுக்காரர் அதைத் திருப்பிப் போட்டார். மண்ணில் விழுந்து கிடந்தான் மாவீரன்.

"இப்போ நீதான்டா மாவீரன்," என்றார் டாக்டர். "டிராகன் முன்னாடி நிக்கிற. என்ன பண்ணப் போற?"

என் வீட்டுக்காரர் அந்தக் காயை எடுத்து டிராகனுக்கு எதிர்க் கட்டத்தில் வைத்தார். விரலை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. வந்தது கதை சொல்கிற குரல்தான், ஆனால் நடுங்கியது.

"மாவீரன் வாளைக் கீழ வைக்கிறான். மண்டி போடுறான். தப்பு என்மேலதான்னு சொல்றான். பொம்மைன்னு சொல்லியிருக்கக் கூடாது. அது எவ்வளவு நாள் உழைப்புன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னான், பயத்துல. மன்னிச்சிடுன்னு கேக்கிறான்."

எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஒரு பேப்பர் துண்டின் பின்னால் நின்றுகொண்டு மனுஷன் அதைச் சொல்லிவிட்டார். என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

டிராகன் யோசிக்கிறது என்றார் டாக்டர். மன்னிப்பதா வேண்டாமா என்று பகடைதான் சொல்ல வேண்டும் என்றார். எடுத்து உருட்டினார். பகடை மேசை விளிம்பைத் தாண்டிக் குதித்து, பூதங்கள் போன வழியே மெஷினுக்கு அடியில் போய்விட்டது. தங்கச்சி தேடக் குனிந்தாள். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மேசையில இல்லன்னா இல்ல," என்றார். "பகடை தேவையில்லடா லிஃப்ட்டு. மன்னிச்சாச்சு."

பிறகுதான் சொன்னார், அந்த இறக்கையை உடைந்த அன்றைக்குச் சாயங்காலமே பல் அடைக்கிற சிமெண்டை வைத்து ஒட்டிவிட்டாராம், முன்பைவிட உறுதியாக. ஒட்டாமல் கிடந்தது அந்த ஒரு வார்த்தைதான். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் பூதங்கள் பறந்தன. டிராகனும் மாவீரனும் சேர்ந்து கோட்டையை ஆண்டதாகக் கதை முடிந்தது, உடனே அடுத்த கதையும் அங்கேயே தொடங்கியது. தவளை ராஜாவுக்கு மந்திரி பதவி. கிளம்பும்போது டாக்டர் கடை வாசலில் நின்று திரும்பினார். அந்தக் கண்ணாடி அலமாரிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். எனக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"அடுத்த வாரமும் தப்பாவே அடிச்சுடும்மா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது, என் தட்டின் பக்கத்தில் ஏதோ இருந்தது. சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், மாவீரன் காய். எதிரே உட்கார்ந்து அதன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார்.

"மாவீரன் என்னவோ சொல்லணுமாம்."

"சொல்லச் சொல்லுங்க."

"அந்த மேசை விளக்கு," என்றார். "மன்னிச்சிடு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. விளக்கு வெறும் ஆரம்பம்தான், மாவீரனுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமை மதியத்துச் சிரிப்பைச் சிரித்தார். நாளைக்குக் கடை திறந்ததும் ஒரு தாள் முழுக்க மாவீரனை மட்டுமே அடித்துவிட வேண்டும்.